ஒரு வாக்குறுதியைக் கையில் எடுங்கள்: இலங்கை அரசின் வெளிப்படைத்தன்மையைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

வெளிப்படையான ஆட்சி தருவோம் என்று சொல்லாத அரசாங்கம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. சொன்னது நடந்ததா என்று உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் குறைவு. அதிலும் தமிழில் பார்த்து, தமிழில் எழுதிவைக்கிறவர்கள் மிகக் குறைவு. அந்த வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை, கொழும்பில் இருக்கவும் தேவையில்லை. ஒரு கொப்பி, இணையம் உள்ள கைபேசி, மாதத்தில் இரண்டு மாலைப்பொழுது போதும். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

முதலில் ஒன்றே ஒன்று

புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி, இரண்டு மாதத்தில் களைத்துப்போனேன். "அரசாங்கம் வெளிப்படையாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "இந்த அமைச்சு, இந்தத் திகதிக்குள், இந்த ஆவணத்தை வெளியிடுவதாகச் சொன்னதே, வெளியிட்டதா?" என்ற கேள்விக்கு விடை உண்டு. ஆகவே ஒரு வாக்குறுதியை மட்டும் எடுங்கள். ஒரு வருடம் அதோடு இருங்கள்.

வாக்குறுதிகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? மேடைப் பேச்சில் தேடாதீர்கள். எழுத்தில் உள்ள இடங்கள் சில இருக்கின்றன.

ஒன்று, திறந்த அரசாங்கப் பங்குடைமை. 2011 செப்டெம்பரில் எட்டு நாடுகள் சேர்ந்து தொடங்கிய சர்வதேச அமைப்பு இது. இலங்கை 2015இல் சேர்ந்தது. சேர்ந்த நாடு ஒவ்வொன்றும் சிவில் அமைப்புகளோடு கூடிப் பேசி ஒரு தேசிய செயற்றிட்டம் எழுதவேண்டும். யார் எதை எப்போது செய்வார் என்று அதில் இருக்கும். இலங்கையின் முதல் திட்டம் 2016-2018க்கு உரியது, இரண்டாவது 2019-2021, மூன்றாவது 2023-2025. இந்த அமைப்பின் சுயாதீன மதிப்பீட்டாளர்கள் நாட்டின் திட்டத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். அந்த அறிக்கைகளை வாசித்தாலே வேலை எப்படிச் செய்வது என்பது பாதி விளங்கிவிடும்.

இன்னொன்று, சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாடு. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் வசதிக்கு அனுமதி கிடைத்தபோது, அதற்கு ஈடாக அரசு பல வாக்குறுதிகளைத் திகதியோடு எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் நாணய நிதியம் இலங்கையின் ஆளுகை பற்றி ஒரு மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிட்டது. அதில் 16 முன்னுரிமைப் பரிந்துரைகள் இருக்கின்றன.

மூன்றாவது, சட்டங்களே. புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சட்டத்தில் இருந்து தொடங்குங்கள். செயற்றிட்டம் காலாவதியாகும், அமைச்சர் மாறுவார், தேர்தல் விஞ்ஞாபனத்தைத் தேடினால் பக்கமே காணாமல் போயிருக்கும். சட்டம் மட்டும் நேற்று இருந்தவரையும் இன்று இருப்பவரையும் ஒரேபோலக் கட்டும்.

தொடங்குவதற்கு ஏற்ற இரண்டு பிரிவுகள்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலகத் தகவல் சட்டங்களைத் தரப்படுத்தும் மதிப்பீட்டில் இதற்கு 150க்கு 131 புள்ளி. எழுத்தில் இது அவ்வளவு வலுவான சட்டம். மக்கள் இதை விண்ணப்பம் போடும் சட்டமாக மட்டும் நினைக்கிறார்கள். யாரும் கேளாமலே அரசு செய்யவேண்டிய வேலைகளும் இதற்குள் இருக்கின்றன.

8 ஆம் பிரிவைப் பாருங்கள். ஒவ்வோர் அமைச்சரும் ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜூன் 30க்கும் டிசெம்பர் 31க்கும் முன்னர், தன் அமைச்சு பற்றிய அறிக்கையை வெளியிடவேண்டும். ஒதுக்கிய பணம் எவ்வளவு, திட்டங்கள் என்ன, செலவழித்தது எவ்வளவு, மக்களின் தகவல் விண்ணப்பங்களைக் கையாளும் தகவல் அலுவலர் யார் என்பவையெல்லாம் அதில் இருக்கவேண்டும். யார், எதை, எப்போது என்ற மூன்றும் ஒரே வாசகத்தில் கிடைக்கின்றன. பின்தொடர இதைவிட வசதியான வாக்குறுதி வேறில்லை.

9 ஆம் பிரிவு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு வேலைத்திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, அதற்குப் பொறுப்பான அமைச்சர் பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விபரங்களை அறிவிக்கவேண்டும் என்கிறது அது. அவசர வேலையென்றால் ஒரு வாரம் போதும். எவ்வளவு பெரிய திட்டங்களுக்கு? வெளிநாட்டுப் பணமென்றால் ஒரு இலட்சம் டொலருக்கு மேல். உள்நாட்டுப் பணமென்றால் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேல். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு இன்றைக்கு ஒரு நல்ல வடிகால்கூடக் கட்டமுடியாது. அப்படியென்றால் உங்கள் ஊரில் மத்திய அமைச்சின் பணத்தில் நடக்கும் ஏறக்குறைய எல்லா வேலைகளும் இதற்குள் வருகின்றன. தேசிய சீர்திருத்தம் உங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை உங்கள் ஒழுங்கையில் நின்றே பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: அந்த வேலைக்குப் பணம் மத்திய அமைச்சினதா, மாகாண சபையினதா, பிரதேச சபையினதா? இது தெரியாமல் கேட்டால் மூன்று கந்தோருக்கும் அலைய விடுவார்கள்.

வாக்குறுதியை உடைத்து எழுதுதல்

சரி, வாக்குறுதியைத் தெரிந்தெடுத்தாயிற்று. இனி அதைத் துண்டு துண்டாக உடைக்கவேண்டும். நாணய நிதியத்துக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரிய அரச கொள்வனவு ஒப்பந்தங்கள், முதலீட்டுச் சபை மூலம் வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல், சொகுசு வாகன இறக்குமதியில் வரிவிலக்குப் பெற்றவர்களின் பட்டியல் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிடுவதாக அரசு சொன்னது. அந்தத் தளம் 2023 மார்ச் முடிவில் தயாராக வேண்டும் என்றிருந்தது. அந்தத் திகதிக்குள் வரவில்லை, பிந்தித்தான் வந்தது.

வாசிக்கும்போது இது ஒரு வாக்குறுதிபோலத் தெரியும். உடைத்தால் குறைந்தது ஐந்து வரும். தளம் இருக்கிறதா? ஒப்பந்தங்கள் இருக்கின்றனவா? நிறுவனங்களின் பெயரோடு, இழந்த வரியின் தொகையும் இருக்கிறதா? வாகனப் பட்டியல் இருக்கிறதா? அப்புறம் முக்கியமானது, அடுத்த ஆறு மாதத்தில் புதுப்பித்தார்களா? தளத்தைத் திறந்துவைக்கும் நாளில் படம் எடுக்கிறார்கள். மூன்றாவது தடவை புதுப்பிக்கும்போது யாரும் வருவதில்லை. நாம் பார்க்கவேண்டியது அந்த மூன்றாவது தடவையை.

கொப்பியிலோ கூகுள் ஷீட்டிலோ ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். வாக்குறுதி சொல்லுக்குச் சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில், யார் பொறுப்பு, கடைசித் திகதி என்ன, எந்தச் சான்று கிடைத்தால் முடிந்தது என்று ஒப்புக்கொள்வேன், நான் பார்த்த நாள், பார்த்தது என்ன. இவ்வளவும் போதும். இதில் "எந்தச் சான்று கிடைத்தால் ஒப்புக்கொள்வேன்" என்ற கட்டத்தைத் தேடப் போகும் முன்னரே நிரப்பிவிடுங்கள். தேடிய பிறகு நிரப்பினால், பிடிக்காத அரசாங்கத்துக்கு ஒரு அளவுகோலும் பிடித்த அரசாங்கத்துக்கு இன்னொன்றும் நம்மை அறியாமலே வந்துவிடும்.

சான்று தேடுதல்

அமைச்சின் இணையத்தளத்தில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். வர்த்தமானி, அமைச்சரவைத் தீர்மானங்கள், பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட், கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. இவற்றில் கணக்காய்வு அறிக்கையை மட்டும் தவறவிடாதீர்கள். அமைச்சு தன்னைப்பற்றி எழுதுவதை, அமைச்சுக்கு வெளியே நிற்கும் ஒருவர் அதில் சரிபார்த்திருப்பார்.

மூன்று மொழிப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். சிங்களத்தில் அறிக்கை இருக்கும், ஆங்கிலத்தில் பாதி இருக்கும், தமிழ்ப் பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழில் வந்து கீழே வெறுமையாகக் கிடக்கும். இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மனம் வலிக்கிறது. 8 ஆம் பிரிவு அறிக்கைகள் அரச கரும மொழிகளில் வரவேண்டும், தமிழும் அரச கரும மொழி. ஆகவே தமிழில் இல்லாத அறிக்கையை "வெளியாயிற்று" என்று குறிக்காதீர்கள். "சிங்களத்தில் வெளியானது, தமிழில் இல்லை" என்று உள்ளபடி எழுதுங்கள்.

பார்த்ததை உடனே சேமியுங்கள். பிடிஎஃப் இருந்தால் இறக்கி, கோப்பின் பெயரில் அன்றைய திகதியைப் போடுங்கள். பக்கமாக இருந்தால் முகவரியும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒரு பிரதியைச் சேமியுங்கள். அமைச்சுகள் பிரிக்கப்படும்போதும் இணைக்கப்படும்போதும் பழைய தளங்கள் அப்படியே மறைந்துபோகின்றன. இல்லாத ஒன்றையும் படம் எடுக்கவேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன். ஜூலை முதலாம் திகதி அறிக்கை இல்லாத வெற்றுப் பக்கத்தின் படம் நல்ல சான்று.

கேட்டுப் பெறுதல்

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் விண்ணப்பத்தால் கேளுங்கள். இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்குச் சிறு தொகை வரலாம். படிவம் இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் ஏற்கவேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதி எடுக்கவேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் கடைசி வரியில் குறிப்பிடுங்கள்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் மக்களுக்கு அறிவிக்கவில்லை?" என்று கேட்டால் விளக்கம் வரும், தகவல் வராது. இந்தச் சட்டம் பதிவேட்டில் இருப்பதைத் தரச் சொல்லும் சட்டம். ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

"2025 சனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை தங்கள் அமைச்சின் கீழ் எமது பிரதேச செயலகப் பிரிவில் தொடங்கப்பட்ட, 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட வேலைத்திட்டங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தொகை, தொடங்கிய திகதி. ஒவ்வொன்றுக்கும் 9 ஆம் பிரிவின்படி மக்களுக்கு அறிவித்த திகதி, அந்த அறிவித்தலின் பிரதி."

இவ்வளவுதான். அறிவித்தலின் பிரதி வந்தால் நல்லது. "அவ்வாறான ஆவணம் இல்லை" என்று வந்தால், கையொப்பத்தோடும் முத்திரையோடும் உங்கள் கேள்விக்கு விடை வந்துவிட்டது.

திகதிகளைக் கொப்பியில் குறித்துவைக்கவேண்டும், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விண்ணப்பம் கிடைத்த 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அலுவலர் தீர்மானிக்கவேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாட்களுக்குள் தரவேண்டும். நிறையப் பக்கங்கள் இருந்தால் மேலும் 21 நாட்கள் வரை நீட்டலாம். ஒருவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்புள்ள தகவலென்றால் 48 மணித்தியாலம். பதில் வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், மறுத்தாலும், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடுகளைக் கேட்பதற்கென உள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம். அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு; அங்கே போக இரண்டு மாத அவகாசம் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியிலேயே ஒட்டிவிடுங்கள். நேரில் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கான எழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.

என் முதல் விண்ணப்பத்துக்கு ஒரு கந்தோரில் இருந்து இருபது நாளாகப் பதிலே இல்லை. போய்க் கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர், "தம்பி, இப்படி ஒன்று வந்ததாகவே தெரியாது" என்றார். என்னிடம் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. முதலில் இருந்து எல்லாம் திரும்பவும் தொடங்கவேண்டி வந்தது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த மேசையில் அவ்வளவு கோவைகள் குவிந்திருந்தன. ஆனாலும் அந்த இருபது நாள் போனது போனதுதான்.

எவ்வளவு காலம் எடுக்கும்

பொறுமை வேண்டும் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு ஒரு கதை. பாராளுமன்ற உறுப்பினர்களின் சொத்துப் பிரகடனங்கள் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரகசியமாகவே இருந்துவந்தன. 2018இல் ஒரு பத்திரிகையாளர் பாராளுமன்றத்திடம் ஒன்றைக் கேட்டார். சொத்து எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. 2010 முதல் பிரகடனம் கொடுத்த உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் கேட்டார். மறுத்தார்கள். அவர் ஆணைக்குழுவுக்குப் போனார். பெயர்களைக் கொடுக்கும்படி 2021இல் ஆணைக்குழு கட்டளையிட்டது. பாராளுமன்றம் அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போனது. 2023 பெப்ரவரியில் நீதிமன்றம் ஆணைக்குழுவின் கட்டளையை உறுதிசெய்தது. அதே ஆண்டு 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்து பழைய இரகசியச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. தனிப்பட்ட விபரங்களை மறைத்துவிட்டு மற்றவற்றை மக்கள் பார்க்கலாம் என்றானது. 2025இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தளத்தில் அமைச்சர்கள், உறுப்பினர்கள் பலரின் பிரகடனங்கள் வெளிவந்தன.

பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கேட்டதில் தொடங்கி ஏழு வருடம். நடுவில் எந்த வருடத்தில் பார்த்திருந்தாலும் "ஒன்றும் நடக்கவில்லை" என்றுதான் நம் கொப்பியில் எழுதியிருப்போம். இப்போது பார்க்கவேண்டியது வேறு: ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் கொடுக்கவேண்டிய பிரகடனங்களை எல்லோரும் கொடுக்கிறார்களா, எத்தனை நாளில் அவை தளத்துக்கு வருகின்றன, மறைக்கப்பட்ட இடங்கள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றனவா?

தீர்ப்பு எழுதுதல்

எல்லாம் சேர்ந்தபின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தீர்ப்பு எழுதவேண்டும். நான் நான்கு சொற்கள் வைத்திருக்கிறேன்: நடந்தது, பகுதியாக நடந்தது, நடக்கவில்லை, தெரியவில்லை.

கடைசிச் சொல்லைப் புதியவர்கள் எழுதக் கூச்சப்படுகிறார்கள், தங்கள் தேடலில் குறையோ என்று நினைக்கிறார்கள். கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நாணய நிதிய வாக்குறுதிகளில் 100ஐத் தெரிந்தெடுத்துப் பின்தொடர்ந்தபோது, நிறைவேறியவை, நிறைவேறாதவை என்பவற்றோடு தெரியாதவை என்றும் ஒரு பிரிவு வைத்தது. ஒரு வாக்குறுதி நிறைவேறியதா என்று அறிய அரசு போதிய தகவலை வெளியிடவில்லை என்பதே அதன் பொருள். வெளிப்படைத்தன்மையை அளக்கும் வேலையில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எது? "நடக்கவில்லை" என்று ஊகித்து எழுதிவிட்டால் அடுத்த நாளே ஒருவர் ஆவணத்தைக் காட்டி உங்கள் கொப்பி முழுவதையும் பொய்யாக்கிவிடலாம். "இன்ன திகதிகளில் இன்ன இடங்களில் தேடினேன், இன்ன திகதியில் கேட்டேன், கிடைக்கவில்லை, ஆகவே தெரியவில்லை" என்று எழுதினால் யாராலும் அசைக்கமுடியாது. ஆவணத்தைக் காட்டினால் நமக்கு மகிழ்ச்சிதான், தீர்ப்பை மாற்றிவிடலாம்.

திறந்த அரசாங்கப் பங்குடைமையின் மதிப்பீட்டாளர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள்: சொன்ன வேலை முடிந்ததா, அதனால் அரசு உண்மையில் திறந்ததா? நீங்களும் இரண்டாவதற்கு ஒரு கட்டம் போடுங்கள். கையேடு அச்சிட்டார்கள், பயிலரங்கு நடத்தினார்கள், வேலை முடிந்தது. ஆனால் முன்பு கிடைக்காத எந்தத் தகவலும் இப்போதும் கிடைக்கவில்லை என்ற நிலை மிகச் சாதாரணம்.

மக்கள் பங்கேற்பை எப்படிப் பார்ப்பது

இது தகவலை விடக் கடினம், ஏனென்றால் "மக்களிடம் கேட்டோம்" என்று சொல்வது சுலபம். வரைவு எப்போது வெளியானது, தமிழில் எப்போது வெளியானது, கருத்துச் சொல்ல எத்தனை நாள் இருந்தது, கூட்டம் எங்கே நடந்தது, யார் வந்தார்கள் என்று குறியுங்கள். பிறகு வரைவையும் முடிவான ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மக்கள் சொன்னதில் எது உள்ளே வந்தது என்று தேடுங்கள்.

சட்டமூலமென்றால் மூன்று ஆவணங்களை ஒப்பிடலாம்: வர்த்தமானியில் வந்த சட்டமூலம், உயர் நீதிமன்றத்தின் தீர்மானம், நிறைவேறிய சட்டம். இணையத்தில் பகிரப்படுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நல்ல பயிற்சி. 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது, பலர் உயர் நீதிமன்றம் போனார்கள், 2024 சனவரி 24இல் நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டனவா என்ற சர்ச்சை உடனே எழுந்தது. பத்திரிகைச் செய்தியை வைத்து ஒரு பக்கம் சாயாமல், மூன்றையும் எடுத்து நீங்களே ஒரு பிரிவையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வெளியிடும் முன்

கண்டதை வெளியிடும் முன், சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு எழுதி ஒரு வாரம் கொடுங்கள். பாதித் தடவை பதில் வராது. வருகிற பாதியில், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும். சின்ன உத்தியோகத்தர்களின் பெயரைப் போடாதீர்கள்; கடமை நிறுவனத்தினது. என் அனுபவத்தில், தகவல் அலுவலர்களில் பலர் மேலே இருந்து கோவை வராமல் நம்மைப் போலவே காத்திருக்கிறவர்கள். நல்ல பதில் தந்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள்.

அப்புறம், இணையத்தில் மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் வாசிகசாலை அறிவித்தற் பலகையில் ஒரு தாள், சனசமூக நிலையக் கூட்டத்தில் ஐந்து நிமிடம், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். எங்கள் ஊர் வடிகால் திட்டம் ஒன்றுக்கு ஒதுக்கிய தொகையை நான் வாசிகசாலையில் ஒட்டிய அன்று மாலை, அதுவரை என்னோடு பேசியிராத ஒரு ஐயா வீடு தேடி வந்தார். தன் வீட்டுப் பக்கத்து மதகுக்கும் இப்படி எழுதிக் கேட்கலாமா என்றார். வெள்ளைத் தாள் ஒன்று எடுத்து, இருவருமாக இருந்து எழுதினோம்.